அறுபத்திரண்டாவது சுற்று

என் பேரன் சாரணர் படையில் சேரப்போகிறான் என்ற செய்தியை வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. துணி காயும் கொடியைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். காலையில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் வழக்கமாகக் கிடப்பது பத்தொன்பது உருப்படி. அன்று இருபத்துமூன்று. கூடுதலாக ஒரு புதுச் சட்டை, ஒரு ஜோடிக் காலுறை, கழுத்தில் கட்டுகிற முக்கோணத் துணி ஒன்று. ஜோடியை நான் இரண்டாகத்தான் எண்ணுவேன். ஒன்று தொலைந்தால் அப்புறம் அது ஜோடி இல்லை.

அந்தக் கழுத்துத் துணியை எனக்கு முன்பே தெரியும். அது என் பழைய பகையாளி.

கீழே வந்து மகனைக் கேட்டேன். அவன் கைபேசியில் இருந்து தலையை எடுக்காமலே, "ஸ்கவுட்ல சேக்கோம்ப்பா. நாளைக்குக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்" என்றான்.

"அடுத்த வாரம் ஆடித்தபசு வருது. பிள்ளைகளக் கோயில் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்லா?"

"போவாங்க. தண்ணி குடுப்பாங்க, வரிசை ஒழுங்கு பண்ணுவாங்க. நல்ல விஷயந்தான?"

"எத்தனை பிள்ளைக?"

"தெரியாது."

"எத்தனை வாத்தியார்?"

"ஒரு சார் இருக்காரு."

"போகும்போது யார் எண்ணுவா? திரும்பும்போது யார் எண்ணுவா? எதை எண்ணுவாங்க?"

மகன் இப்போது தலையை எடுத்தான். "எதை எண்ணுவாங்களா? பிள்ளைகளைத்தான்ப்பா எண்ணுவாங்க. வேற எதை எண்ணுவாங்க?"

இதுதான் இந்தக் காலத்துப் பெற்றோரிடம் எனக்குப் பிடிக்காதது. காலுறை எந்தக் கடையில் கிடைக்கும் என்பது தெரியும். சட்டையில் எத்தனை பை என்பது தெரியும். சான்றிதழ் வாங்கினால் கல்லூரியில் இடம் கிடைக்கச் சுலபம் என்பது எல்லாருக்கும் முதலில் தெரியும். ஆனால் பிள்ளை காலை எட்டு மணிக்குப் போனால் அவனுக்கு எத்தனை மணிக்குச் சோறு, பாதியில் வயிற்றைப் புரட்டினால் யாரிடம் சொல்வான், பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாமா, நாம் நினைத்த நேரத்தில் போய் எட்டிப் பார்க்க விடுவார்களா, ஒரு பிள்ளையோடு ஒரு பெரிய ஆள் மட்டும் தனியாக இருக்கும்படி எங்கேயாவது நேருமா, இதெல்லாம் கேட்டால் கேட்டவன் கிறுக்கன்.

மருமகள் அடுப்படியில் இருந்து வந்தாள். "மாமா, அவன் வெளியாள்ட்ட வாயே திறக்க மாட்டேங்கான். கடைக்குப் போனா கையக் காட்டுதான். ஸ்கவுட்ல சேந்தா கூச்சம் போயிரும்னு அவங்க மிஸ் சொன்னாங்க."

கூச்சத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை; அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதற்கு முன்னால், எதை எண்ணுவார்கள் என்று நான் ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா இதே ஊரில் மிளகாய் வத்தல் வியாபாரி. அவர் கடையில் மூட்டை இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணக் கற்றுக்கொண்டேன். வியாபாரிகள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்று தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு. நானும் அப்படித்தான் எண்ணினேன். வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்பது வீட்டில் முடிவாகியிருந்தது. வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசுவேன், அதுவும் அளந்துதான். வீட்டுப் படியைத் தாண்டினால் ஒரு சொல் வராது. மாமா வந்தாலும், சித்தி வந்தாலும் கதவுக்குப் பின்னால் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனபோது வாத்தியார் பெயர் கேட்டார். நான் அவர் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு. "பேச வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

அந்த ஆடியில் அம்மா நூற்றொரு சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள்; கோயிலைச் சுற்றுகிறவர்கள் அந்தக் கால்வலியில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. ஐம்பத்தொன்று, நூற்றொன்று, இன்னும் மேலே என்று அவரவர் வேண்டுதலுக்குத் தக்கபடி வெளிப்பிரகாரத்தில் நடந்துகொண்டே இருப்பார்கள். அம்மா ஒரே நாளில், இடையில் உட்காராமல், வெளியே போகாமல் சுற்றி முடிப்பதாக வேண்டியிருந்தாள். எதற்காக என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே வத்தல் விலைக்காக என்று எடுத்துக்கொண்டேன். அப்பா வீட்டில் வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

நூறு சுற்றை நடக்கிறவரே எண்ண முடியாது. கூட்டம் இடிக்கும், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், எண்ணிக்கை விட்டுப்போகும். அதனால் ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருப்பார்கள். அம்மா வைத்திருந்த வழி நான்.

தபசுக்கு முந்தின நாள் விடிந்ததும் என்னைக் கூட்டிப்போய், பிரகாரத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு கல்தூணின் அடியில் நிழல் பார்த்து உட்கார வைத்தாள். ஒரு மஞ்சள் பையில் நூற்றொரு புளியங்கொட்டை. அதை எனக்கு இடப்புறம் குவித்தாள். அவள் என்னைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை எடுத்து நான் வலப்புறம் வைக்க வேண்டும். "இடத்த விட்டு அசையக் கூடாது ராசா. நீ அசைஞ்சா அம்மைக்குக் கணக்குப் போயிரும்" என்றாள்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பிறகு முப்பத்துமூன்று வருடம் கருவூலத்தில் இருந்தேன். இந்த அளவுக்கு என்னை யாரும் நம்பி வேலை கொடுத்ததில்லை.

லாபம், ரெண்டு, மூணு என்று வேலை நடந்தது. அம்மா வருவாள். ஒரு பார்வை. நான் கொட்டையை நகர்த்துவேன். அவள் தலையசைத்துவிட்டுப் போவாள். வெயில் ஏற ஏறக் கல் சுட்டது. அவள் நடை சாயத் தொடங்கியது. ஐம்பதைத் தாண்டும்போது இடது காலை இழுத்து இழுத்து வைத்தாள். அறுபத்திரண்டாவது கொட்டையை நான் வலப்புறம் வைத்தபோது, அவள் மூச்சு வாங்கிக்கொள்ளக்கூட நிற்காமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடியே போனாள்.

அப்போதுதான் அவன் வந்து நின்றான்.

காக்கி அரைக்கால் சட்டை. கழுத்தில் முக்கோணத் துணி. கையில் அவனைவிட ஒரு முழம் உயரமான தடி. பதினொரு வயதிருக்கும். குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து திருவிழாச் சேவைக்கு வந்த சாரணர்களில் ஒருவன். அவன் கழுத்துத் துணியின் ஒரு முனையில் சின்னதாக ஒரு முடிச்சு இருந்தது. அந்த முடிச்சின் பொருள் அன்று சாயங்காலம் தெரிந்தது. காலையில் பஸ் ஏறும்போது சாரண ஆசிரியர் ஒவ்வொரு பையன் துணியிலும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார். ஒரு நல்ல காரியம் செய்தபிறகு அவிழ்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பத்து மணிக்குள் அவிழ்த்துவிட்டார்கள். ஒருவன் கிழவருக்குத் தண்ணீர் கொடுத்தான். ஒருவன் விழுந்த செருப்பை எடுத்துக் கொடுத்தான். இவன் ஒருவன்தான் முடிச்சோடு அலைந்துகொண்டிருந்தான். பேச்சுக்கு ஒருமுறை விரல் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தது.

"தம்பி, ஒத்தையில இருக்கியா? உங்க அம்மா எங்க?"

நான் பேசவில்லை. விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.

"தலை கிறங்குதா? காலையில ஒண்ணும் திங்கலியோ?"

இல்லை என்று தலையாட்டினேன். மறுபடியும் வட்டம் போட்டேன். பிரகாரத்தைக் காட்டினேன். கொட்டைகளைக் காட்டினேன். அந்தக் கோயிலில் அன்று இருந்த எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் இது என்ன என்று சொல்லியிருப்பாள். அவனுக்கு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. சங்கடம் என்னவென்றால் அவனுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"தொலைஞ்ச பிள்ளைக தொலைஞ்சு போனோம்னு ஒத்துக்கிடாதுன்னு எங்க சார் சொல்லியிருக்காரு. அங்கன இங்கன கையக் காட்டுமாம். பயப்படாத. நான் ஸ்கவுட்" என்றான்.

நான் தூணைக் கட்டிப் பிடித்தேன். தொலைந்த பிள்ளை அப்படித்தான் செய்யும். அழுதேன். அதுவும் அப்படித்தான். நான் செய்த ஒவ்வொன்றும் அவன் பக்கத்துக்கே சாட்சியாகப் போயிற்று.

பிறகு அவன் செய்ததை எழுபது வயது தாண்டியும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு சாரணனிடம், "ஏலே, இதைப் பிடி. பிள்ளையத் தூக்கணும்" என்று தன் தடியைக் கொடுத்தான். குனிந்தான். "விளையாட்டுச் சாமான விட்டுட்டுப் போகப்படாது, என்ன?" என்று சொல்லிக்கொண்டே இடப்புறக் குவியலையும் வலப்புறக் குவியலையும் இரண்டு கையாலும் சேர்த்து அள்ளி ஒரே பையில் போட்டான்.

ஒரே பையில்.

நான் வீறிட்டேன். அவன் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோபுர வாசல் வழியாக வெளியே நடந்தான். முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே நடந்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இனி அந்த எண்ணிக்கை உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. என் தலைக்குள். நான் அழுகையை நிறுத்தினேன். அழுதால் மறந்துவிடும். அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு என்று உதட்டுக்குள்ளேயே சொல்லத் தொடங்கினேன்.

தேர் நிற்கும் தெருவில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். காணாமல் போனவர்களை அங்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு ஒலிபெருக்கி, அதற்கு முன்னால் கரகரத்த குரலில் ஒரு அண்ணாச்சி. காலையிலிருந்து கத்திக் கத்தி அவருக்குப் பொறுமை எல்லாம் தீர்ந்திருந்தது. கொட்டகையில் பேசினால் கோயிலுக்குள் கட்டியிருந்த குழாய்கள் எல்லாவற்றிலும் கேட்கும்.

"பேரு என்னல?" என்றார்.

நான் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா பேரு? எந்தத் தெரு? சொல்லுல, முட்டாய் வாங்கித் தாரேன்."

வேறு ஒரு வார்த்தை சொன்னாலும் என் எண் போய்விடும். நான் வாயை இறுக்கினேன்.

"ஊமைப் பிள்ளை போலருக்கு" என்றார் அவர், சாரணனிடம். அவன் முகம் வாடிவிட்டது. பெயர் தெரியாத பிள்ளையைச் சேர்ப்பித்தால் முடிச்சை அவிழ்க்கலாமா கூடாதா என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அண்ணாச்சி என்னை மேசை மேல் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வேறு அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினார். "எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர்... பன்னிரண்டரை மணிக்குக் கரிவலம்வந்தநல்லூர் செல்லும் பேருந்து... ஐம்பத்தாறு என்று எண் போட்ட சைக்கிள்..."

எழுபது. பன்னிரண்டரை. ஐம்பத்தாறு. ஒவ்வொரு எண்ணும் என் காதுக்குள் புகுந்து என் எண்ணை இடித்தது. ஐம்பத்தாறா, அறுபத்திரண்டா என்று ஒரு கணம் எனக்கே தடுமாறியது. இன்னும் ஒரு எண் வந்தால் எல்லாம் முடிந்தது. வேறு வழியில்லாமல் நான் வாயைத் திறந்து என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

"அறுபத்திரெண்டு!"

அது ஒலிபெருக்கிக்குள் போய்க் கோபுரத்தில் இடித்துத் திரும்பி வந்தது. தெரு முழுக்கச் சிரிப்பு.

"என்னது அறுபத்திரெண்டு? ஒன் வயசால?" என்றார் அண்ணாச்சி.

"அறுபத்திரெண்டு."

"பேரைச் சொல்லுல."

"அறுபத்திரெண்டு!"

அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒலிபெருக்கியை இழுத்தார். "ஐந்து வயது மதிக்கத்தக்க ஆண் குழந்தை, நீலக் கால்சட்டை, பெயர் சொல்லத் தெரியவில்லை, எதைக் கேட்டாலும் அறுபத்திரண்டு என்று சொல்கிறது. பெற்றோர் உடனே வந்து கூட்டிச் செல்லவும். சீக்கிரம் வரவும்."

அம்மா அறுபத்துமூன்றாவது சுற்றில் வடக்குப் பக்கத் தூணுக்கு வந்தபோது அங்கே நானும் இல்லை, பையும் இல்லை. ஒரே ஒரு புளியங்கொட்டை மட்டும் கிடந்திருக்கிறது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நேரத்தில், தலைக்கு மேலே இருந்த குழாயில் என் குரல் கேட்டிருக்கிறது. இதை அவள் அன்று இரவு அப்பாவிடம் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்குள் அவள் ஓடி வந்தாள். நடக்கவே முடியாத காலோடு ஓடி வந்தாள். அதைப் பார்த்ததும் நான் பதறினேன். பாசத்தினால் இல்லை. வேண்டுதல் முடியாமல் கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டாளே!

"ஏம்மா வந்த? அறுபத்திரெண்டுதான ஆச்சு! இன்னும் முப்பத்தொம்பது இருக்குல்லா! வத்தல் வெல என்னாவும்?" என்று அவளிடம் கத்தினேன். அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அவள் என்னை மேசையில் இருந்து எடுக்கவில்லை. அப்படியே நின்று என் வாயைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் சிரித்தாள். மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் அந்தக் கொட்டை பதிந்து குழி விழுந்திருந்தது.

"எத்தனைன்னு சொன்ன? இன்னொருக்கச் சொல்லு."

"அறுபத்திரெண்டு."

"அண்ணாச்சிட்டச் சொல்லு."

"அவருட்ட அப்பமே சொல்லிட்டேன்!"

அண்ணாச்சி, "எனக்கு மட்டுமா சொன்னான்? ஊருக்கே சொன்னான்" என்றார்.

இதற்குள் சாரணன் தன் கழுத்துத் துணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து தொட்டுத் தொட்டு, வியர்வையில் ஊறி, அது கல்லாய் இறுகியிருந்தது. நகத்தால் கீறினான். பல்லால் கடித்தான். அம்மா அவனைப் பக்கத்தில் இழுத்துப் பொறுமையாக அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டாள். "நீ செஞ்சதுதான்யா நல்ல காரியம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கணக்கைக் கலைத்தவன் அவன். வேண்டுதலைக் கெடுத்தவன் அவன். அவனுக்குப் பாராட்டு!

நான் அவளைப் பிரகாரத்துக்கு இழுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கொட்டையைப் புதிதாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். அவள் அசையவில்லை. ஏனென்றால் இப்போது இன்னொரு சிக்கல் வந்துவிட்டது. சாரணன் தன் படையைத் தேடித் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"பஸ் போயிட்டு. எல்லாரும் போயிட்டாவ."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "ஏலே, பிள்ளையக் கொண்டாந்து விட்டவனே தொலைஞ்சு போயிட்டியா? இதை நான் என்னன்னு மைக்குல சொல்ல?"

நடந்தது இதுதான். சாரண ஆசிரியர் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் எண்ணித்தான் இருக்கிறார். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஓடி ஆடும் பையன்களை எண்ணுவது சிரமம் என்று, கட்டிவைத்திருந்த தடிகளை எண்ணியிருக்கிறார். பையனுக்கு ஒரு தடி. இருபத்துநான்கு பையன், இருபத்துநான்கு தடி. என்னைத் தூக்குவதற்காக இவன் கொடுத்துவிட்டுப் போன தடி அந்தக் கட்டில் ஒழுங்காக இருந்தது. கணக்குச் சரி. வண்டி புறப்பட்டுவிட்டது.

நான் கருவூலத்தில் எத்தனையோ தப்புக் கணக்குப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சரியான தப்புக் கணக்கைப் பார்த்ததில்லை.

அம்மா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "காலையில இருந்து என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள். பொரியும் ஒரு பழமும் என்றான். கோபுர வாசல் கடையில் கொடுத்துவைத்திருந்த எங்கள் தூக்குச்சட்டியை எடுத்துவந்து, அவளுக்காகக் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை அவன் முன்னால் வைத்தாள். அவன் தின்று முடித்தபிறகு வாய்விட்டு அழுதான். "எங்க அய்யா பஸ் ஸ்டாப்புல நிப்பாரு" என்று அழுதான். அதுவரை அவன் எனக்குப் பெரிய ஆளாகத்தான் தெரிந்தான். சட்டையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

நான் பையில் இருந்த கொட்டைகளை எண்ணினேன். நூறு. நூற்றொன்றாவது அம்மா கையில். அவள் அதைத் திருப்பித் தரவே இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் அவன் அய்யா வந்துசேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, கரிசல்காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி. கொட்டகை வாசலில் நின்று பையனைக் கண்ணால் பார்த்தபிறகுதான் செருப்பைக் கழற்றினார். அவனைத் திட்டவில்லை. யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாமல், "இருபத்துநாலு தடி இறங்கிச்சு. எம் பய இறங்கல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார்.

"உங்க பிள்ளையாலதான் எங்க பிள்ளை கெடச்சான்" என்று அம்மா அவரிடம் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அய்யாட்ட எத்தனைன்னு சொல்லு" என்றாள்.

"அறுபத்திரெண்டு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாரு மக்கா" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் பையனை இழுத்துக்கொண்டு போனார். பிடித்த கையை, கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் அவர் விடவில்லை.

இதனால்தான் கேட்டேன், எதை எண்ணுவார்கள் என்று. மறுநாள் மகனோடு நானும் பள்ளிக்கூடம் போனேன். மகன் வழி நெடுக, "அப்பா, அங்க வந்து ரொம்பக் கேக்காதீங்க" என்று ஏழு முறை சொன்னான். சாரண ஆசிரியர் சின்ன வயசுப் பிள்ளை. நான் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னார். இருபது பிள்ளைக்கு மூன்று பெரியவர்கள். சோறு ஒரு மணிக்கு. எந்த நேரமும் பெற்றோர் வந்து பார்க்கலாம். வேண்டாம் என்றால் எந்த நாளும் விலகலாம். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருப்பதில்லை. கடைசியாக, "வண்டியில ஏத்தும்போது எதை எண்ணுவீங்க?" என்றேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான்.

"தலையத் தொட்டு எண்ணுவேன் ஐயா" என்றார்.

"கம்பு, பை, தொப்பி இதெல்லாம்?"

"அதெல்லாம் தொலைஞ்சா வாங்கிக்கிடலாம்."

கையெழுத்துப் போடு என்று மகனிடம் சொன்னேன். பேரன் என் பின்னால் ஒட்டிக்கொண்டு அந்த ஆசிரியரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணுகிறானா என்று நான் கேட்கவில்லை.

நான் கொட்டகைக்குப் போன அன்றைக்கு மீதி முப்பத்தொன்பது சுற்றையும் அம்மா சுற்றவில்லை. அடுத்த ஆடியில்தான் சுற்றினாள். சரியாக முப்பத்தொன்பது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பையன். பாக்கியைத் தீர்க்கிறாள் என்று நினைத்து, கொட்டையை வைத்துக்கொண்டு கண்டிப்பாக எண்ணினேன். வத்தல் விலை அந்த வருடமும் ஏறவில்லை. வேண்டுதல் பாதியில் முறிந்ததால்தான் என்று அப்பாவிடமே சொன்னேன். அவர் மூட்டையைத் தைத்துக்கொண்டே, "வத்தலுக்கு எவம்ல சுத்துவான்? நீ நாலு பேரு முன்னால வாயத் தொறக்கணும்னுதான் அவ சுத்துனா" என்றார். அதையும் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்படியானால் நூற்றொன்று முடியவில்லையே, கணக்கு எப்படிச் சரியாகும் என்பதே என் கவலையாக இருந்தது.

அந்த முதல் ஆடியின் சாயங்காலம், கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். அம்மா நொண்டி நொண்டி வந்தாள். பூக்கடைக்காரி முன்னால் நின்று, "அக்காட்ட எத்தனைன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். கடலை வறுக்கிறவரிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எதிரே வந்த, முன்பின் தெரியாத ஒரு கிழவரிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வீடு வந்து சேர்வதற்குள் பதினான்கு பேரிடம் அறுபத்திரண்டு என்று சொல்லியாயிற்று. அப்புறமும் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "எத்தனை? இன்னொருக்கச் சொல்லு" என்று கேட்டாள்.

ஒரு சின்ன எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் எதற்கு நூற்றொன்று வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.